“நல்ல அறிவு, ஆனால் சோம்பேறி”

ராமேசுவரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பகுதிப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் சில பிள்ளைகள் இந்தத் தலைப்பையே முத்திரையாகக் குத்திக்கொண்டு வருகிறார்கள். அப்படி வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தீவின் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடகடலான பாக் விரிகுடா ஏன் அடங்கிக் கிடக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். அதையே எழுதித் தரச் சொன்னபோது, இரண்டு வரியை அழித்து அழித்து எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. சோதனையில் அவனுக்கு டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடு இருப்பது உறுதியானது.

இத்தகைய பிள்ளைகள் காதால் கேட்டதை வைத்தே தொடக்க வகுப்புகளைக் கடந்துவிடுவதால் குறைபாடு வெளியே தெரிவதில்லை. எழுத்து வேலை கூடும் வகுப்புகளில் மதிப்பெண் சரியும்போதோ, அவர்களுடைய கூர்மை யார் கண்ணுக்கும் படுவதில்லை. விளைவாக, தேர்வு நாளில் வயிற்றுவலி, காரணமில்லாத கோபம், வகுப்பில் கோமாளித்தனம். “இவ்வளவு பேசுகிறாய், எழுதினால் என்ன?” என்ற கேள்வி நம் காதுக்குச் சாதாரணமானது, ஆனால் தன் நிலைக்குக் காரணம் தெரியாத பிள்ளைக்கு அது நாள்தோறும் விழும் அடி. கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் “அடுத்த கலாம்” என்று வாழ்த்துவதும் எங்கள் ஊர் வழக்கம்தான்; எழுத்து வராத பிள்ளைக்கு அந்த வாழ்த்தே சுமையாகிவிடுவதைப் பார்க்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தேர்வில் கோரலாம். ஆனால் பிறர் பார்வைக்கு அஞ்சி, பிள்ளைகளே பல நேரம் மறுத்துவிடுகிறார்கள். ஆகவே சலுகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், மூளை எழுத்தைக் கையாளும் விதம்தான் வேறு, அறிவில் குறையில்லை என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். திறமைக்கும் அன்றாடம் வேலை கொடுக்க வேண்டும்: வாய்மொழித் தேர்வு, செயல்முறை மாதிரி, கணக்குப் புதிர். எழுத்துப் பயிற்சிக்காக அறிவியல் வகுப்பிலிருந்து எழுப்பி அழைத்துச் செல்வதை நான் ஏற்பதில்லை. பிள்ளை தலைநிமிரும் ஒரே இடத்தையும் பறிப்பது அது.

மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் தகப்பனிடம் பேசத் தோதான காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். சலுகை பெறத் தேவையான குறைபாட்டுச் சான்றிதழுக்கான அலைச்சலை அப்போதே தொடங்கிவிட்டால், அடுத்த பொதுத்தேர்வு விண்ணப்பத்தின்போது ஓட வேண்டியிருக்காது. பிள்ளை பேச்சைக் குறைத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தடைக்காலம் வரை காத்திராமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள்.