படகிலிருந்து எடுத்த படம் ஏன் கலங்குகிறது?

போன ஜூலையில் என் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து 43 படங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில், பிக்சர்ட் ராக்ஸ் என்று ஒரு பாறைச் சுவர் இருக்கிறது, அதைப் படகில் போய் எடுத்த படங்கள். கடைசியில் ஒரு வரி: "அண்ணா, ஒண்ணு கூட உருப்படியா வரல, போன் கேமரா போயிடுச்சா பாரு."

கேமரா போகவில்லை. படம் ஷேக் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். குடியாத்தத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு அலைகிறவன் நான், ஷேக் ஆன படத்தை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் அவன் படங்களில் ஒரு வினோதம் இருந்தது. படகு ஓடியது பாறைக்கு இணையாக, பக்கவாட்டில். அப்படியானால் பாறையில் இருக்கும் கோடுகள் பக்கவாட்டில்தானே இழுபட்டிருக்க வேண்டும்? பெரும்பாலான படங்களில் மேலும் கீழுமாக இழுபட்டிருந்தன.

இதற்குக் காரணம் படகு போகிற வேகம் இல்லை, படகு ஆடுகிற ஆட்டம். இரண்டும் வேறு வேறு.

காட்பாடியிலிருந்து ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், கிட்டே இருக்கும் கம்பங்கள் பறக்கும், தூரத்து மலை மட்டும் அசையாமல் கூடவே வரும். வண்டி நகர்வதால் வரும் கலக்கம் தூரம் கூடக் கூடக் குறைந்துவிடும். படகு மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடுகிறது, பாறை 100 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால், பாறை கேமராவின் பார்வையில் நொடிக்கு 3 டிகிரி சுமார் நகரும்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். அலையில் படகு இரண்டு பக்கமும் 5 டிகிரி சாய்கிறது, ஒரு முழு ஆட்டத்துக்கு 4 நொடி ஆகிறது என்றால், நடுவில் நிமிர்ந்து கடக்கும் நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 8 டிகிரி. நகர்வதை விட இரண்டரை மடங்கு! அதோடு, இந்த ஆட்டத்துக்குத் தூரம் கீரம் எதுவும் கணக்கே இல்லை. பாறை 100 மீட்டரில் இருந்தாலும் 10 கிலோமீட்டரில் இருந்தாலும் அதே 8 டிகிரிதான், ஏனென்றால் திரும்புவது கேமரா. படகின் பக்கவாட்டில் நின்று பாறையைப் பார்த்துப் படம் எடுக்கிறவனுக்குப் படகு இடம் வலமாகச் சாய்ந்தால் கேமரா மேலும் கீழும் தலையாட்டும். கோடுகள் மேலும் கீழும் இழுபட்டது இதனால்தான்.

சரி, 8 டிகிரி என்றால் படத்தில் எவ்வளவு? போன் கேமரா அகலத்தில் 70 டிகிரி பார்க்கிறது, அதில் 4,000 புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன என்று கொண்டால் ஒரு டிகிரிக்கு 57 புள்ளி. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், ஒரு புள்ளியில் விழ வேண்டிய ஒளி ஏழெட்டுப் புள்ளிகளுக்குத் தீற்றிக்கொண்டு போகும். 1/500 வைத்தால் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். மூன்று மடங்கு ஜூம் போட்டால் தீற்றலும் மூன்று மடங்கு. அவன் அத்தனை படத்தையும் ஜூமில்தான் எடுத்திருந்தான், கேட்க வேண்டுமா!

இதைச் சோதித்துப் பார்க்க சுப்பீரியர் ஏரிக்குப் போக வேண்டியதில்லை (அந்த ஏரியே தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வரும், 82,000 சதுர கிலோமீட்டர்). ஒரு ஞாயிற்றுக்கிழமை 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு ஏலகிரி போய், புங்கனூர் ஏரியில் ஒரு மிதிபடகு எடுத்தோம். அங்கே செங்குத்துப் பாறை கிடையாது, ஏரிக்கு அப்பால் இருக்கும் மேட்டின் விளிம்புக் கோடு போதும். மச்சான் மகனைப் படகை லேசாக ஆட்டச் சொன்னேன், கரையிலிருந்து விசில் ஊதும் வரைக்கும் ஆட்டினான். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நொடி சுமார். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசரை (ஆட்டத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு) அணைத்துவிட்டு, ஷட்டரை வேண்டுமென்றே 1/60-இல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்தி 20 படங்கள் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றுதான் தெளிவு. அந்த மூன்றை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் சுவாரசியம். ஒன்றில் விளிம்புக் கோடு படச் சட்டத்தின் மேல் ஓரத்துக்குப் போயிருந்தது, மற்ற இரண்டில் கீழே இறங்கியிருந்தது. கோடு நடுவில் இருந்த படங்கள் எல்லாமே கலங்கல். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள், கீழே வரும்போது படு வேகம், இரண்டு முனைகளிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். படகும் அப்படித்தான், ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து திரும்பப் போகும் அந்தக் கணத்தில் சாயும் வேகம் பூச்சியம். நாமோ படகு நேராக நிற்கும்போது எடுத்தால்தான் நல்லது என்று காத்திருந்து, மோசமான கணத்தில் கரெக்டாக அமுக்குகிறோம். சாய்வின் உச்சியில் அமுக்க வேண்டும். கோடு சட்டத்தில் மேலே கீழே போனாலும், படம் கோணலாக வந்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம், கலங்கலைத் திருத்துவது கஷ்டம்.

போனில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் இருக்கும் கைரோஸ்கோப் கேமரா திரும்புவதை உணர்ந்து லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். கை நடுக்கத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் லென்ஸ் நகர இருக்கும் இடம் மிகக் கொஞ்சம், படகின் பெரிய ஆட்டத்தில் ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளலாம். படகு முன்னே நகர்வதோ கைரோவுக்குத் தெரியவே தெரியாது, திரும்பினால்தான் அதற்குத் தெரியும். ஆக, ஷட்டர் வேகம்தான் நம்பிக்கையான வழி. 1/1000 வையுங்கள், ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) ஏறிப் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை.

டிரைபாடு வேண்டாம். தரையில் அது தெய்வம், படகில் அது படகின் ஆட்டத்தையும் எஞ்சின் அதிர்வையும் அப்படியே கேமராவுக்குக் கடத்தும் குழாய். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றினாலும் அதே கதை. முழங்காலைத் தளர்த்தி நின்றால் நம் உடம்பே ஷாக் அப்சார்பர்.

அப்புறம் நிறம். பிக்சர்ட் ராக்ஸ் என்ற பெயரே அதனால்தான். அது மணற்பாறை, சில இடங்களில் 60 மீட்டர் உயரம். நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் கசிந்து முகத்தில் வழியும்போது கரைந்த தாதுக்களையும் கொண்டுவந்து பூசிவிட்டுப் போகிறது: இரும்பு சிவப்பும் ஆரஞ்சும், செம்பு நீலமும் பச்சையும், மாங்கனீசு பழுப்பும் கறுப்பும். தம்பி அனுப்பியதில் இது எதுவும் இல்லை, வெளிறிப்போன சாம்பல் சுவர்தான். ஈரப் பாறையின் மேல் பளபளக்கும் வானத்து வெளிச்சம், உள்ளே இருக்கும் நிறத்தை மூடிவிடுகிறது.

இப்படிப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. போலரைசர் ஃபில்டரைச் சரியாகத் திருப்பினால் அது வெட்டுப்பட்டு நிறம் வெளியே வரும். ஃபில்டர் வாங்கக் காசு இல்லையென்றால் போலராய்டு கூலிங் கிளாஸை போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அது அசலா என்று சந்தேகமா? ஒரு லேப்டாப் திரைக்கு முன் பிடித்துச் சுற்றுங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டால் அசல். ஆனால் இது பாதி வெளிச்சத்துக்கு மேல் தின்றுவிடும், ஷட்டர் வேகத்தில் கை வைக்கும். இரண்டுக்கும் நடுவில் பேரம்தான்.

தண்ணீரின் பளபளப்பு இதில் முழுதாக வெட்டுப்படுவது, பார்வை நீர்மட்டத்தோடு 37 டிகிரி கோணத்தில் விழும் இடத்தில்தான். கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இடம் படகிலிருந்து மூன்று மீட்டர் கூட இல்லை. பாறை அடிவாரத்துத் தண்ணீரை நாம் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பார்க்கிறோம், 5 டிகிரியில் பார்த்தால் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திரும்பிவிடும், ஃபில்டர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால் ஃபில்டரைப் பாறையைப் பார்த்தே திருப்புங்கள், தண்ணீரை விட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். அந்தப் பாறைகள் வடமேற்கு பார்த்தவை, காலையில் போனால் நிழல்தான். அவன் போனது காலை 10 மணிக்கு. நம் ஊரில் ஜூனில் ஆறே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அங்கே ராத்திரி ஒன்பதரை தாண்டியும் இருக்கும், கடைசிப் படகில் போயிருக்கலாம்.

செப்டம்பரில் மறுபடியும் போனான், சாயங்காலப் படகில், கூலிங் கிளாஸோடு. 200 படத்துக்கு மேல் எடுத்து 11 அனுப்பினான். ஒன்றில் பழுப்பு வழிசல் ஒன்று பச்சைக்குள் இறங்கும் இடத்தில் ஈரம் சொட்டுவது வரைக்கும் தெரிகிறது. அடிவானம் மட்டும் நன்றாகச் சாய்ந்திருந்தது.