28 வினாடிக்கு ஒரு உதை

முதல் உதை என் கெண்டைக்காலில் விழுந்தபோது மணி இரவு 11.40. திரும்பிப் பார்த்தால் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சரி, ஏதோ கனவு என்று புரண்டு படுத்தேன். அடுத்தது விழுந்தது. அப்புறம் இன்னொன்று. எழுந்து உட்கார்ந்து, விடிவிளக்கு வெளிச்சத்தில் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கட்டைவிரல் மட்டும் மேல்நோக்கி விறைத்தது. பிறகு கணுக்கால் மடங்கிப் பாதம் மேலே இழுபட்டது. முழங்கால் லேசாக மடிந்தது. இரண்டு வினாடி அப்படியே நின்றுவிட்டு, கால் தளர்ந்து பழைய இடத்துக்கு வந்து விழுந்தது. அந்த விழுகைதான் என் மேல் பட்ட உதை. கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு எண்ணினேன்: 26 வினாடி, 29, 28, 28, 31. கனவில் உதைக்கிறவர்கள் இவ்வளவு கணக்காக உதைப்பதில்லை.

காலையில் சொன்னால், "நானா? போட்டது போட்டபடி கிடந்தேனே! உங்களுக்குத் தூக்கம் வரலை, பழியை என் கால் மேல போடுறீங்க" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. இந்த அசைவு பெரும்பாலும் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. புகார் எப்போதும் பக்கத்தில் படுத்திருப்பவரிடமிருந்துதான் வரும். மறுநாள் எடுத்த வீடியோவைக் காட்டியபோதுதான் அவள் வாயடைத்துப் போனாள்.

தூக்கத்தில் சீராகத் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கால் அசைவைப் பற்றி 1953-இல் சார்லஸ் சைமண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் எழுதினார். 1960-களில் இத்தாலியின் போலோன்யாவில் எலியோ லுகாரேசியின் குழு தூங்குகிறவர்களின் காலில் மின்முனைகளை ஒட்டி அசைவுகளைப் பதிவு செய்தது. இன்று தூக்க ஆய்வகங்களில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அசைவும் அரை வினாடியிலிருந்து 10 வினாடி வரை நீடிக்க வேண்டும். இரண்டு அசைவுகளுக்கு நடுவே 5 முதல் 90 வினாடி இருக்க வேண்டும். தொடர்ச்சியாக நான்காவது வந்தால்தான் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு மணிக்கு 15-ஐத் தாண்டினால் அதிகம். ஆனால் எண்ணிக்கை கூடினாலே நோய் என்று ஆகிவிடாது. வயதானவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு, அவர்களில் பலர் நன்றாகத் தூங்கி எழுகிறார்கள். தூக்கம் கெட்டு, பகலில் சோர்வு தட்டினால்தான் வைத்தியம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு விஷயங்கள் உண்டு. கண் அசரும்போது மாடிப்படியில் தவறியதுபோல ஒரே ஒரு முறை தூக்கிப்போடுமே, அது எல்லோருக்கும் வருவது, விட்டுவிடலாம். இன்னொன்றை விடக்கூடாது. இரவின் பின்பாதியில் கத்துவது, குத்துவது, கட்டிலை விட்டுக் குதிப்பது. கனவு வரும் உறக்கத்தில் மூளை தசைகளைப் பூட்டிவைக்கும். அந்தப் பூட்டு கழன்றால் மனிதர் கனவை அப்படியே நடித்துக்காட்டுவார். 1986-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பிற்பாடு வரக்கூடிய பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நம்முடைய கால் உதையோ அதிகமும் முன்னிரவில், ஆழம் குறைந்த உறக்கத்தில் வருவது.

அப்படியானால் உதைக்கச் சொல்வது யார்? கட்டைவிரல், கணுக்கால், முழங்கால் என்ற அந்த வரிசை, முள்ளில் மிதித்தால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அதன் சாயல். அதற்கு மூளை யோசிக்க வேண்டியதில்லை, தண்டுவடமே போதும். தண்டுவடம் முற்றிலும் அறுபட்டவர்களின் கால்களிலும் இந்த அசைவு வருகிறது. அதனால் இதற்கான சுற்று தண்டுவடத்திலேயே இருக்கிறது என்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. கால் அசைந்து, அதனால் தூக்கம் கலைந்து, அதனால் இதயம் வேகமெடுக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம். பதிவுகளைப் பார்த்தால் பல சமயம் வரிசை தலைகீழ். மூளை அலையிலும் இதயத் துடிப்பிலும் மாற்றம் முதலில், கால் அதற்குப் பிறகு. உள்ளே ஏதோ ஒன்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, கால் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இட்லிக் குண்டான் மூடி தடதடப்பது போல. மூடியை அமுக்கிப் பிடித்து என்ன பயன்? நானும் அவள் கால் மேல் தலையணையை வைத்து அழுத்திப் பார்த்தவன்தான்.

அடுப்பு எங்கே என்று தேடினால் பலருக்கு இரும்புச்சத்தில் போய் நிற்கிறது. சாயங்காலம் ஆனால் "கால் குடையுது" என்று சிலர் சொல்வார்கள். வலி இல்லை, ஆனால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் சரியாகும், படுத்தால் மறுபடி வரும். 1945-இல் சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் இதற்கு 'அமைதியற்ற கால்கள்' என்று பெயர் வைத்தார். இது உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு இரவு உதையும் உண்டு. இவர்களுடைய மூளையில் இரும்பு குறைந்திருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அசைவைக் கட்டுப்படுத்த மூளை பயன்படுத்தும் ரசாயனம் டோபமின், அதைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். ஆனால் இரும்பு குறைந்தால் டோபமின் குறையும் என்று நேர்க்கோடாகச் சொல்லிவிட முடியாது, டோபமினை வாங்கிக்கொள்ளும் இடங்களும் மாறிவிடுகின்றன.

என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 12.1. "ரத்தம் நல்லாத்தானே இருக்கு" என்றாள். மருத்துவர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். 19. உலைப்பானையில் சோறு இருக்கிறது, அரிசி டிரம் காலி என்பதுதான் அதன் அர்த்தம். ஃபெரிட்டின் அந்த டிரம்மின் அளவு. கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். சோதிக்காமல் மாத்திரை விழுங்கவும் கூடாது, அளவுக்கு மீறிய இரும்பு ஈரலைக் கெடுக்கும். ஆண்களுக்குக் குறைந்திருந்தால் எங்கே ரத்தம் கசிகிறது என்று முதலில் தேட வேண்டும்.

சில மருந்துகளே இதைக் கிளப்பிவிடும்: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு. இவற்றை நாமாக நிறுத்தக்கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பிராமிபெக்சோல் போன்ற டோபமின் வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதினார்கள். முதலில் அற்புதமாகக் கேட்கும். சில வருடத்தில் ராத்திரி வந்த குடைச்சல் மத்தியானமே வரும், கைக்கும் பரவும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கால் குடைச்சலுக்கு அவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. இரும்பும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் வகை மாத்திரைகளும் முன்னுக்கு வந்துவிட்டன.

இதெல்லாம் பலன் தர மாதக்கணக்காகும், அதுவரை பக்கத்தில் படுப்பவன் என்ன செய்வது? உதைப்பவரை எழுப்பக்கூடாது. எழுப்பினால் மறுபடி ஆழம் குறைந்த உறக்கத்திலிருந்து ஆரம்பிப்பார், உதைக்குத் தோதான இடமே அதுதான். போர்வை ஆளுக்கொன்றாக இருக்கட்டும், பாதித் தொல்லை போர்வை இழுபடுவதால்தான். சுருள்கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிய ஸ்பிரிங் மெத்தை ஓர் உதையைக் கட்டிலின் அடுத்த ஓரம் வரை கொண்டுபோகும். இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போட்டால் அது நடுவிலேயே நின்றுவிடும். எங்கள் அம்மா வீட்டில் எல்லோரும் தரையில் கோரைப்பாய் விரித்துத்தான் படுத்தோம். அங்கே யார் உதைத்தார்கள், யார் உதைக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? சிமெண்டுத் தரை எதையும் சொல்லிக்கொடுக்காது.

இரும்பு மாத்திரை ஆரம்பித்த ஐந்து மாதத்தில் அவள் ஃபெரிட்டின் 64-க்கு வந்தது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால் அதை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்ததுதான் வீட்டில் நடந்த ஒரே சண்டை. போன வாரம் முழித்திருந்து எண்ணினேன். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது. காலையில் சொன்னேன். "நான் தூங்கினேன், நீங்கதான் ஒரு மணி நேரம் முழிச்சிருந்திருக்கீங்க" என்றாள்.