அமைச்சர்: பக்கத்தில் இருந்து சொல்பவர்

ஊர்ப்பேச்சில் இன்றும் ‘மந்திரி வர்றார்’ என்பதுதான் வழக்கம். அரசாணையிலும் செய்தியிலும் ‘அமைச்சர்’. 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சி அமைத்தபோது அவரைப் பிரதம மந்திரி என்றே அழைத்தார்கள். முதன்மந்திரி, முதலமைச்சர் எல்லாம் அப்புறம் நிலைபெற்றவை.

மந்திரி வடசொல். மந்திரம் என்றால் ஓதுவது மட்டும் இல்லை, கூடி ஆலோசிப்பதும் மந்திரம்தான். அரசனோடு கூடி ஆலோசிப்பவர் மந்திரி. வள்ளுவரே இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார்: ‘பழுதெண்ணும் மந்திரி’ பக்கத்தில் இருப்பதைவிட எழுபது கோடிப் பகைவர் இருப்பது மேல் என்கிறது 639-ஆம் குறள்.

சரி, அமைச்சர் தமிழ்ச்சொல்லா? இதில் இரண்டு கட்சி உண்டு. வடமொழியின் ‘அமாத்ய’ திரிந்து அமைச்சர் ஆனது என்பது ஒன்று. ‘அமா’ என்றால் வீட்டில், உடன். ஆகவே அமாத்யர் என்பவர் உடனிருப்பவர். ‘அமை’ என்ற வினையிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல்லே அது, காரியங்களை அமைத்துத் தருபவர் அமைச்சர் என்பது மற்றொன்று. ஒலி பொருந்தினால் மட்டும் வேர் உறுதியாகிவிடாது என்பதால் முதல் கட்சியே எனக்கு வலுவாகப் படுகிறது. அதற்காகச் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை. ‘அமைச்சு’ என்ற வடிவில் குறளின் ஒரு அதிகாரத்துக்கே தலைப்பான சொல், தமிழில் வேரூன்றி எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று.

ஐயமற்ற தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்களுக்கு அதே அதிகாரத்தில் ஒன்று இருக்கிறது. உழையிருந்தான். உழை என்றால் பக்கம்.

‘அறிகொன்று அறியான் எனினும் உறுதி
உழையிருந்தான் கூறல் கடன்’ (638)

அறிவுடையோர் சொல்லையும் அழித்து, தானும் அறியாதவனாக அரசன் இருந்தாலும், நன்மை தருவதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை. கேட்க மாட்டான் என்று தெரிந்த பிறகும் சொல்லியாக வேண்டும். பதவியின் இலக்கணத்தை இவ்வளவு கறாராகச் சொன்ன வரி வேறு எனக்குத் தெரியாது.

இதே பொருளில் வரும் இன்னொரு சொல் ‘சூழ்வார்’. சூழ்தல் என்றால் ஆராய்தல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671-ல் வரும் சூழ்ச்சிக்கு நல்ல ஆலோசனை என்றே பொருள். இன்று அந்தச் சொல் சதி என்ற பொருளுக்குச் சரிந்துவிட்டது. நாலு பேர் கூடிப் பேசினாலே சதி என்று நினைக்கும்படி அதிகாரம் நடந்துகொண்டால் சொல் என்ன செய்யும்?

சொல்பவர் மட்டும் போதாது, கேட்பவரும் வேண்டும். காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறது 389. ‘செவிகைப்ப’ என்கிறார் வள்ளுவர். நல்ல தலைவரை அடையாளம் காண எனக்கு இந்த ஒரு சொல் போதும்.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றில் கவிழ்ந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்ததும், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது பலருக்கும் தெரியும். அதற்குச் சில மாதம் முன்பு நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் விலகியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்தவர் அவர். பம்பாய் நகரத்தை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காமல் மத்திய ஆட்சியின் கீழ் வைக்கும் திட்டத்தை எதிர்த்தார். அமைச்சரவையில் முறையாகப் பேசாமலே முடிவெடுத்தார்கள் என்பது அவர் நாடாளுமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு. நேருவைப் போன்ற பெருந்தலைவர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! உழையிருந்தான் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையவர் என்று அவரைத்தான் சொல்வேன்.

அவர் எதிர்த்த திட்டம் நடைக்கு வரவில்லை. முதலில் குஜராத்தும் மகாராஷ்டிரமும் சேர்ந்த இருமொழி மாநிலம் ஒன்றை உண்டாக்கிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் தனி மாநிலமானது, பம்பாயைத் தலைநகராகக் கொண்டு.