குட்டைக் குழலின் பெருஞ்சத்தம்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகள் ஸ்டேஷன்களுக்கு வர ஆரம்பிக்கும். நான் மதுரையில் போலீஸ் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். ஒருமுறை திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் .32 ரிவால்வரை மேசையில் வைத்துச் சொன்னார்: "குழல் மூணு இஞ்சுதான் தம்பி. ஆனா சத்தம் கேட்டீகன்னா காது அடைச்சிரும். அம்புட்டுப் பவரு."

சத்தம் நிஜம், காரணம்தான் தலைகீழ். குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் மருந்தின் வாயு அதைத் தள்ளும். குழல் குட்டையானால், அழுத்தம் அடங்குவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்ச அழுத்தம் வாசலில் நெருப்பும் சத்தமுமாக வீணாகிறது. போதாததற்கு, ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியிலும் கொஞ்சம் கசியும். (அங்கே விரலை வைத்துப் பிடிப்பவர்களைப் பார்த்தால் இன்றும் பதறுகிறது.) 9 மி.மீ. தோட்டாவில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால், நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம் போகும். தோட்டாவுக்குத் தோட்டா இது மாறும். வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றலில் 19 சதவீதம் காலி.

அதற்காகக் குட்டைத் துப்பாக்கிதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. நுனி குழிந்த குண்டு உடம்புக்குள் விரிந்து நின்றுவிடும், பின்னால் நிற்பவருக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். விரிவதற்கு வேகம் வேண்டுமே! குட்டைக் குழல் அந்த வேகத்தைத் தின்றுவிட்டாலோ, சட்டைத் துணி குழியை அடைத்துக்கொண்டாலோ, அது சாதாரணக் குண்டு மாதிரியே துளைத்துக்கொண்டு போகும். முழுக்கச் செம்பு உறை போட்ட குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆளைத் தாண்டி, பின்னாலிருக்கும் தகரக் கதவையும் தாண்டும்.

பெரியவரின் தோட்டாக்கள் பச்சை பிடித்திருந்தன. துரு ஏறாமலிருக்க எண்ணெய் தடவி பீரோவில் வைத்திருந்தாராம். தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பும் பிரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் தோட்டா நமத்துவிடும். சில நேரம் 'டொப்' என்று அமுங்கிய சத்தத்தோடு குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்து கையையே பதம் பார்த்துவிடலாம். அதனால் சத்தம் குறைந்தால் அதோடு நிறுத்த வேண்டும் என்றேன்.

"போன வருசம் தோப்புல பன்னி வெரட்டயில அப்படி ஒரு டொப்பு கேட்டுச்சு. மருந்து கெட்டுப்போச்சுன்னு உள்ள வச்சுட்டேன்" என்றார்.

தோட்டாக்களை இறக்கிவிட்டு, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டேன். கம்பி பாதியில் நின்றது.