பயப்பட வேண்டிய மாத்திரை அது இல்லைங்க

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஓபி முடிந்து டீ குடிக்கலாம் என்று எழுந்தேன், அவசரப் பிரிவிலிருந்து போன். ஐம்பத்து மூன்று வயது அம்மாவுக்கு வலிப்பு. இதுவரை வலிப்பே வந்ததில்லை. தலை ஸ்கேன் சரியாக இருக்கிறது, சர்க்கரையும் சரி. "மேடம், பையில காலி மாத்திரை அட்டை ஒண்ணு இருக்கு" என்றார் டூட்டி டாக்டர். மாத்திரையின் பெயரை அவர் படிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அல்பிரஸோலம், பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை.

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நான்கு வருடம் முன்பு கணவர் தவறியபோது அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் நான்கு வருடமானது. தெருமுனை மெடிக்கலில் சீட்டே கேட்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார்கள். அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று மூன்றாகிவிட்டது. கடைக்குப் புது ஆள் வந்தார். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார் (அவர் செய்ததுதான் சரி). இரண்டு நாள் தூக்கமில்லை, வியர்வை, கை நடுக்கம். மூன்றாம் நாள் காலை, பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக் கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். நல்லவேளை, குழந்தை அப்போது பாட்டி கையில் இல்லை.

என்னைக் கடுப்பேற்றிய விஷயம் இனிமேல்தான். இதே அம்மா இரண்டு வருடம் முன்பு என்னிடம் வந்திருக்கிறார். நாள் முழுக்கப் படபடப்பு, மகள் போனை எடுக்காவிட்டால் நெஞ்சு அடைப்பு. பதட்டத்துக்கான எஸிடலோப்ராம் 5 மி.கி. எழுதியிருக்கிறேன். ஐந்தே நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். ஏன் என்று இப்போது கேட்டேன். "அது மனநோய் மாத்திரையாம் டாக்டரம்மா, ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதாம். எங்க நாத்தனார் சொன்னாங்க. அதான் வேணாம்னுட்டு தூக்க மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டேன்."

விட முடியாத மாத்திரைக்குப் பயந்து, உண்மையிலேயே சட்டென்று விட முடியாத மாத்திரையைப் போட்டிருக்கிறார். இந்த வருடம் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

எனவே ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதட்டத்துக்குத் தரும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகை எஸிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை. இவை போட்ட அன்றைக்கு எதுவும் செய்யாது. இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும். போதை தராது, "இன்னொன்று போட்டால் தேவலை" என்ற ஏக்கம் வராது. இன்னொரு வகை அல்பிரஸோலம், குளோனஸிபாம், டயஸிபாம் போன்றவை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் நெஞ்சு லேசாகிவிடும். அந்த வேகம்தான் வினை. உடம்பு சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். பழைய அளவு போதாமல் போகும். திடீரென நிறுத்தினால் பழைய பதட்டம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். அரசாங்கமே 2014 மார்ச்சிலிருந்து அல்பிரஸோலத்தை ஹெச்1 அட்டவணையில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், வைத்திருக்கிறது. கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயரோடு பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும். நடைமுறையில் "அண்ணே, அந்த நரம்பு மாத்திரை ஒரு அட்டை" என்றாலே கிடைக்கிறது.

சரி, எஸிடலோப்ராமை மட்டும் சட்டென்று நிறுத்தலாமா? கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு உணர்வு சிலருக்கு வரும். அதற்காகத்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். பிபிக்குத் தரும் சில மாத்திரைகளையும் திடீரென நிறுத்தக்கூடாது. அதற்காக மாமனாரை யாரும் பிபி மாத்திரைக்கு அடிமை என்று சொல்வதில்லையே.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. பத்து நாளைக்கு என்று எழுதுகிறோம், பதினோராம் நாள் என்ன செய்வது என்று சொல்வதில்லை. வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது தூக்க மாத்திரை எழுதுவது முப்பது விநாடி வேலை, பதட்டத்தைப் பற்றிப் பேசுவது முப்பது நிமிட வேலை. முதல் வாரங்களில் கைதாங்கலாக, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தால் அல்பிரஸோலமும் குளோனஸிபாமும் நல்ல மருந்துகள்தான். அந்தக் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் யாருக்கு மாத்திரை வேண்டும்? பதட்டம் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை, அது எல்லோருக்கும் உண்டு. அது உங்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்று கேட்பேன். மேனேஜர் முன்னால் பேசும்போது குரல் நடுங்குகிறது என்று வந்த பையனுக்கு நான் மாத்திரை எழுதவில்லை. முறையான பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினேன். "கவலைப்படாதே தம்பி" என்று ஆறுதல் சொல்வது அல்ல அது. பயப்படும் இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் பழக்கும் பயிற்சி. பலருக்கு அது மாத்திரை அளவுக்கே வேலை செய்யும். ஆனால் போன வருடம் வந்த பஸ் கண்டக்டர் அப்படியில்லை. ஜவுளிக்கடைப் பை நிறைய ஈசிஜி. எக்கோ, ட்ரெட்மில், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் அவர் பயத்தைக் கூட்டியிருக்கிறது, "அப்ப கண்டுபிடிக்க முடியாத வியாதி போல" என்று. ஓடும் பஸ்ஸில் மூச்சு அடைத்து இறங்கிவிட்டார், ஆறு வாரமாக வேலைக்குப் போகவில்லை. அவரிடம் போய் மூச்சுப்பயிற்சி மட்டும் செய்யுங்கள் என்பது அநியாயம். மாத்திரையும் பயிற்சியும் சேர்த்துத்தான் கொடுத்தேன். மூன்றாம் மாதம் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

முதலில் தைராய்டு, ரத்தசோகை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவர் அதைச் சொல்லிவிட்டு உட்காரவும்.

ஆரம்பிப்பது என்று முடிவு செய்துவிட்டால், முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். பதட்டமேகூட முதலில் கொஞ்சம் கூடலாம். அந்த அம்மா ஐந்தாம் நாள் நிறுத்தியதற்கு நாத்தனார் சொன்னதோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் போன் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த நாட்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வாருங்கள். இன்னொன்று, தாம்பத்தியத்தில் ஆர்வம் குறையலாம். ஆண்கள் இதை வாயைத் திறந்து சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள், திரும்ப வருவதும் இல்லை. சொல்லுங்கள் ஐயா, அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், வழி இருக்கிறது.

நன்றாகிவிட்டது என்ற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், பலருக்கு ஒரு வருடம். "எப்போது நிறுத்துவோம், எப்படி நிறுத்துவோம்?" என்று முதல் நாளே டாக்டரைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் டாக்டர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

தூக்க மாத்திரை போட்ட இரவில் மது குடிக்கவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம். அறுபது தாண்டியவர்களுக்கு இதைக் கொடுத்தால் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் என்று தெரிந்த உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். செலவு என்று தயங்குபவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். யாரிடமாவது முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

அந்த அம்மாவுக்கு அல்பிரஸோலத்தை ஒரேயடியாக நிறுத்தவில்லை. உடம்பில் நீண்ட நேரம் தங்கி மெதுவாக வெளியேறும் டயஸிபாமுக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் குறைக்கிறோம். இன்னும் சில மாதம் பிடிக்கும். எஸிடலோப்ராமும் மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. இந்த முறை பத்தாம் நாளைத் தாண்டிவிட்டார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் மகள் தேதி போட்டு டிக் அடித்துக்கொண்டு வருகிறாள்.

என் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "தூக்கத்துக்கு எப்பவாவது ஒரு மாத்திரை" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். என்ன மாத்திரை, எத்தனை என்று அட்டையை நான் கேட்டுப் பார்க்கவில்லை. இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். நீங்களும் எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், காலி அட்டையானாலும் சரி. "சின்னதா, வெள்ளையா, வட்டமா இருக்கும் டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மெடிக்கலில் பாதி மாத்திரை அப்படித்தான் இருக்கும்.