லாபம் இருக்கு, கல்லாவில் காசு எங்கே?

ஜூன் பிறந்துவிட்டால் காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் என் ஆபீசில் இரண்டு கூட்டம் சேரும். ரிட்டர்ன் போட வருகிற கடைக்காரர்கள் ஒரு பக்கம். பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்துவிட்டு, "சார், இந்தப் பற்று வரவு மட்டும் ஒரு தடவை சொல்லிக் கொடுங்க" என்று வருகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இரண்டு கூட்டத்துக்கும் இடறுகிற கல் ஒன்றுதான்.

பிள்ளைகளின் நோட்ஸில் முதல் பக்கத்திலேயே டெபிட், கிரெடிட் என்கிற பற்று, வரவுக்கான பொன்விதிகள் இருக்கும். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். போன வாரம் வந்த பையனிடம் கேட்டேன்: "தம்பி, அம்மா பேங்க்ல ஐயாயிரம் கட்டினா பாஸ்புக்ல எந்தப் பக்கம் ஏறும்?"

"வரவுல சார்."

"உன் நோட்ஸ்ல ரொக்கம் உள்ளே வந்தா பற்றுன்னு எழுதியிருக்கியே?"

பையன் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் வீட்டுப் பேச்சு. வீட்டில் வரவு என்றால் வருமானம். கணக்கில் வரவு என்றால் 'இவரிடமிருந்து நமக்கு வந்தது, இவருக்கு நாம் தர வேண்டியது' என்று அந்த ஆளின் பெயரில் போடும் குறிப்பு. பாஸ்புக் நம் கையில் இருந்தாலும் அது பேங்க் எழுதும் கணக்கு. அம்மா தந்தவர், அதனால் அம்மா பெயரில் வரவு. அதே ஐயாயிரத்தை அம்மா தன் நோட்டில் எழுதினால் பேங்க் பெற்றது, பேங்க் பெயரில் பற்று. யாருடைய நோட்டில் யார் பெயரில் எழுதுகிறோம் என்று கேட்டுக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். நோட்ஸில் இந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் கொண்டுவந்த லூகா பசியோலி, வெனிஸ், 1494 என்பது இருக்கும். இரண்டு மதிப்பெண்ணுக்கு உதவும், இருக்கட்டும். ஆனால் இந்தப் பக்கத்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன்கள் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறி, கிட்டங்கி என்கிற வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்து பேரேடும் (லெட்ஜர்) ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) எழுதக் கற்றார்களே, அதைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளின் நோட்ஸில் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, கடைக்காரர்கள் பக்கம் வருகிறேன். கண்டனூர்ப் பக்கம் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் என் கட்சிக்காரர். மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு. கல்யாண ஆர்டரும் உண்டு, மதுரை, சென்னைக் கடைகளுக்கும் போகும். ஒரு மாதக் கணக்கை முடித்து, "ஆச்சி, அறுபதாயிரம் லாபம்" என்றேன். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏப்பா, நீ லாபம்ங்கறே. எண்ணெய் டின்னு வாங்கக் காசில்லாம பேத்தி வளையலை அடகு வச்சிட்டு வந்து நிக்கிறேன். அந்த லாபத்தை எங்கே வச்சிருக்கே, காட்டு."

காட்டினேன். தொகைகளை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன். அந்த மாத விற்பனை 3,00,000. மாவு, எண்ணெய், வெல்லம், ஆள் கூலி, கேஸ் எல்லாம் சேர்த்துச் செலவு 2,40,000. லாபம் 60,000, தப்பே இல்லை. ஆனால் விற்றதில் 1,40,000 கடனுக்குப் போயிருக்கிறது. கையில் வந்தது 1,60,000தான். செலவோ முழுக்க ரொக்கம். கல்லாவில் 80,000 பள்ளம்.

கணக்கில் விற்பனை என்பது சரக்கைக் கொடுத்துப் பில் போட்ட அன்றே பதிவாகிவிடும். காசு வருகிற நாள் வேறு. அந்த இடைவெளியைத் தாங்குகிற பணத்துக்குத்தான் நடைமுறை முதல் என்று பெயர். 'நடப்புச் சொத்து கழித்தல் நடப்புப் பொறுப்பு' என்று நோட்ஸ் ஒரே வரியில் தாண்டிப் போகும். அந்த ஒரு வரியில் மூடின கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இதில் கொடுமை, தீபாவளிக்கு ஆர்டர் கூடினால் பள்ளமும் கூடும். வியாபாரம் படுத்தவனைவிட வேகமாக வளர்ந்தவன்தான் வட்டிக்கு வாங்க அதிகம் ஓடுகிறான். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இன்னொரு இடி. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் பில் போட்ட மாதத்து வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், வாங்கினவர் காசு தந்தாலும் தராவிட்டாலும்.

தேய்மானம் இதற்கு நேர் எதிர். ஆச்சி 90,000 ரூபாய்க்கு மாவு பிசையும் மிஷின் வாங்கினார். காசு ஒரே நாளில் போய்விட்டது. கணக்கிலோ 15 சதவீதம் வீதம் முதல் வருஷம் 13,500, அடுத்த வருஷம் மீதி 76,500க்கு 11,475 என்று செலவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏன் தேய்கிறது என்று வணிகவியல் பிள்ளை கேட்பதில்லை. இரும்பு, நீர், ஆக்ஸிஜன், கூடவே உப்பு என்று அறிவியல் நோட்ஸில் துருவைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு அது மிஷினின் ஆயுளைத் தின்னும் செலவு என்று யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில் அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

லாபத்துக்கும் காசுக்கும் மட்டுமல்ல, சொத்துக்கும் காசுக்கும் கூட இதே தூரம் உண்டு. இந்த ஊர் அதைப் பர்மாவில் பார்த்தது. நகரத்தார் அங்கே நெல் விளையும் நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 1930இல் அரிசி விலை சரிந்தது. வாங்கினவர்களால் திருப்ப முடியவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதம் அளவில் இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால் பங்கானது. ஐந்தொகையில் சொத்துப் பக்கம் குறையவே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ரூபாய். 1942இல் ஜப்பான் படை வந்தது, 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் எத்தனையோ வீடுகளின் கதையில் இந்தப் பக்கமும் உண்டு.

ஆச்சியிடம் சொன்னவை இரண்டே. கல்யாண ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ் வாங்காமல் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம்தான், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு. கெடு தாண்டி இழுத்தடித்தால், வாங்கினவர் அந்தத் தொகையைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். சென்னைக் கடைக்கு இதைப் பில்லின் அடியில் ஒரு வரியாக அச்சடித்து அனுப்பச் சொன்னேன்.

பையனை அடுத்த சனிக்கிழமை ஆச்சி வீட்டுக்கு அனுப்பினேன், கணக்கு எழுத. சம்பளம் ஒரு டின் தேன்குழல். ஆச்சியின் நீள நோட்டில் தேதி, பெயர், தொகை என்று மூன்று பத்தி இருந்தது. நாலாவதாக ஒரு கோடு போட்டு, 'எப்ப வரும்' என்று தலைப்பு எழுதிவிட்டு வந்திருக்கிறான். அவன் எழுதினதற்குக் கீழே ஆச்சி பென்சிலால் ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: 'யார் போய்க் கேக்கறது'.