பனிக்காலத்தில் ரோஸ்மேரி தாகத்தாலும் சாகும்

பனிக்காலம் முடிந்ததும் ரோஸ்மேரிச் செடி பழுப்பேறி நிற்கிறது. குளிர் தாங்கவில்லை என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் பல சமயம் அதைக் கொன்றது தண்ணீர்ப் பிரச்சினைதான். ஒன்று, வேருக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது. அல்லது வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கும்.

ரோஸ்மேரியின் தாயகம் மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்கள். வறண்ட கோடையைச் சமாளிக்கவே அதன் இலை அமைந்திருக்கிறது. ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் இரண்டும் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். நடுவில் வெள்ளை ரோமம் அடர்ந்திருக்கும். இலைத்துளைகள் அந்த ரோமத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால் காற்று நேராக வந்து ஈரத்தை உறிஞ்ச முடியாது.

இவ்வளவு சிக்கனமான செடிக்கும் பனிக்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது இலையுதிர்க்காத செடி. வெயிலும் காற்றும் உள்ள நாளில் இலைகள் கொஞ்சமாவது நீரை இழந்துகொண்டே இருக்கும். கீழே மண் உறைந்து கிடந்தால் அந்த இழப்பை வேரால் ஈடுகட்ட முடியாது. சுற்றிலும் பனிக்கட்டி இருந்தும் செடி தாகத்தில் காய்கிறது.

உறைபனி செல்லுக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். பனிப் படிகங்கள் முதலில் செல்களுக்கு வெளியே, அவற்றுக்கு இடைப்பட்ட இடத்தில் உருவாகின்றன. அவை செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கின்றன. அளவுக்கு மீறி நீர் போனால் செல்லின் சவ்வு சிதைந்துவிடும். பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கும்போதே செடி இதற்குத் தயாராகிறது. செல்களில் சர்க்கரையைச் சேர்த்து, நீரைப் பிடித்துவைக்கிறது. இந்தத் தயாரிப்புக்குச் சில வாரங்கள் வேண்டும். கோடை முடியும் நேரத்தில் உரம் போட்டாலோ கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாலோ இளந்தளிர் கிளம்பும்; அது முற்றுவதற்குள் பனி வந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் செடியை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

இனி ஈரம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது, வேருக்கு மூச்சு முட்டும். வேரழுகலும் பின்னாலேயே வரும். குளிரில் செடி மிகக் குறைவாகவே குடிப்பதால் மண் காயவும் வெகுநாளாகும். காய்ந்த மண்ணில் தாங்கக்கூடிய குளிரையே ஊறிய மண்ணில் செடி தாங்காது. அதனால் நான் முதலில் பார்ப்பது வடிகாலைத்தான், போர்வையை அப்புறம். களிமண்ணாக இருந்தால் பருமணலும் சிறுகல்லும் கலந்து மேடாக்கி நடுங்கள். பகல் வெயிலில் சூடேறும் சுவரோரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நன்றாக வேரூன்றிய செடி பொதுவாக மைனஸ் 7 முதல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை சமாளிக்கும். தரையில் படரும் வகைகள் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. அதைவிடக் கடுமையான குளிருள்ள இடத்தில் ‘ஆர்ப்’ வகையைத் தேடலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஆர்ப் என்ற ஊரில் 1972இல் மூலிகை வளர்ப்பாளர் மேடலின் ஹில் கண்டெடுத்த வகை அது.

தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தண்டைவிட வேர் குளிருக்குப் பலவீனமானது. நிலத்தில் வேருக்குப் பூமியின் சூடு துணையிருக்கும். தொட்டியிலோ குளிர் எல்லாப் பக்கமும் தாக்கும். லேசான உறைபனி என்றால் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, சாக்கு சுற்றி, அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் போதும். கடுங்குளிர் என்றால் உள்ளே கொண்டுபோகத்தான் வேண்டும்.

உள்ளே என்றால் சூடான கூடம் அல்ல. வெளிச்சம் குறைந்த இடத்தில் வெப்பம் மட்டும் கூடினால், ஒளிச்சேர்க்கையில் வரும் வரவைவிடச் சுவாசத்தில் ஆகும் செலவு அதிகமாகிவிடும். 5 முதல் 10 டிகிரி வரை குளிர்ந்திருக்கும், வெயில் விழும் ஜன்னலோரமே சரியான இடம். காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் இலையில் வெள்ளைப் பூசணம் படரும்.

தண்ணீர் விடும் விஷயத்தில் இலையை நம்பாதீர்கள். விறைப்பான இலை என்பதால் அது மற்றச் செடிகளைப் போல வாடித் தொங்கிக் காட்டாது. வேர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். மண்ணில் விரலை விட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பனி முடிந்து செடி பழுப்பாகத் தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உறைபனி முழுதும் ஓய்ந்த பின் காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டுங்கள். இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அதிலிருந்து தளிர் வராது.